ஒடிந்த போர்ட் குழாய் இதயத்துக்குள் போய்விட்டால்: நெஞ்சைத் திறக்காமல் எப்படி எடுக்கிறார்கள்?

நீங்கள் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, கீமோ முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மருந்து ஏற்றுவதற்காக வலது காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைத்த போர்ட்டை (குழாயோடு கூடிய சின்ன டப்பா), இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். போன வாரம் சலைன் விட்டுக் கழுவப் போனபோது ஊசியில் ரத்தம் திரும்பவில்லை, சலைனும் ஏறவில்லை, தோளுக்குக் கீழே லேசாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் குழாய் ஒடிந்து, துண்டு இதயத்துக்குள் கிடக்கிறது. தொடை வழியாகப் போய் எடுத்துவிடலாம் என்கிறார் இதய மருத்துவர். நெஞ்சைத் திறக்காமல் எப்படி முடியும் என்கிறார் மாமா. அக்கா நன்றாகத்தானே நடமாடுகிறார், கிளறாமல் விட்டால் என்ன என்கிறார் சித்தி. அம்மாவிடம் இன்னும் முழு விவரம் சொல்லவில்லை.

நான் மருத்துவர் இல்லை. கேத் லேப்பில், அதாவது ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறையில், டெக்னாலஜிஸ்டாகப் பல வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவர் கம்பியைத் தள்ளும்போது பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பது, எக்ஸ்ரே கருவியின் கோணத்தைத் திருப்புவது, இசிஜி திரையில் துடிப்பு பிசகினால் குரல் கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. அந்த மேசைப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். முடிவு அம்மாவின் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டியது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அந்த போர்ட்டில் இனி யாரும் ஊசி போடக் கூடாது. அடைப்பு இருக்கும், கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாம் என்று எந்த நர்ஸம்மாவாவது சிரிஞ்சை எடுத்தால் தடுத்துவிடுங்கள். குழாய் ஒடிந்த இடத்தில் மருந்து தோலுக்கு அடியில் கசியும். கீமோ மருந்தாக இருந்தால் சதையே வெந்துவிடும். அம்மாவுக்குப் படபடப்பு, தலைச்சுற்றல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குளிர் காய்ச்சல் இதில் எது வந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எடுக்க முடியும். நெஞ்சைத் திறக்காமல்தான் இன்று பெரும்பாலும் எடுக்கிறார்கள். சுலபமா கஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது துண்டின் நீளமோ அம்மாவின் வயதோ அவ்வளவாக இல்லை. அந்தத் துண்டின் இரண்டு முனைகளில் ஒன்றாவது ரத்தத்தில் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் விஷயம். ஒரு முனை கைக்குக் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டு முனையும் சுவரில் குத்திக்கொண்டோ ஒட்டிக்கொண்டோ இருந்தால் அன்றைக்கு எங்களுக்கு மதியச் சாப்பாடு தாமதம்.

துண்டு எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். போர்ட் என்பது தோலுக்கு அடியில் தைத்து வைக்கும் சின்ன டப்பா. அதிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய குழாய் ஒன்று சிரைக்குள் இறங்கி, மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையில் சேரும் இடம் வரை போகும். சிலிக்கோனிலோ பாலியூரித்தேனிலோ செய்வார்கள். அம்மாவுக்கு வைத்த மாதிரி காரை எலும்புக்குக் கீழே குத்தி சப்கிளேவியன் சிரைக்குள் விட்டால், அந்தக் குழாய் காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் உள்ள இடுக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். சிரைக்குள் நுழையும் இடம் உடம்பின் நடுப்பக்கமாகத் தள்ளி அமைந்துவிட்டால், குழாய் அந்த இடுக்கில் நசுங்கும். கையைத் தூக்கும்போதும் இறக்கும்போதும், தலை வாரும்போதும், கொடியில் துணி காயப்போடும்போதும் அதே இடத்தில் நசுங்கி நசுங்கி விரியும். மாதக்கணக்கில் இது நடந்தால் எந்தக் குழாயும் ஒருநாள் ஒடியும்.

இது திடீரென்று நடப்பது மாதிரி தெரிந்தாலும் முன்கூட்டியே ஜாடை காட்டும். ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள்: போன சில மாதங்களில் போர்ட்டைக் கழுவும்போது, சலைன் ஏறாமல் நின்று, 'கையைக் கொஞ்சம் மேலே தூக்குங்கம்மா' என்று நர்ஸ் சொன்னதும் ஏறியதுண்டா? அப்படியென்றால் இடுக்கில் நசுங்குவதற்கு அது நல்ல அடையாளம். கையைத் தூக்கினால் இடுக்கு திறக்கிறது, குழாய் வழிவிடுகிறது. எக்ஸ்ரேயிலும் காரை எலும்புக்கு அடியில் குழாயின் கோடு சற்றே ஒடுங்கித் தெரியும். 1984-லேயே ஏய்ட்கன், மின்டன் என்ற இருவர் இந்த ஒடுக்கத்தை எச்சரிக்கை அடையாளமாக எடுத்து எழுதினார்கள். 1990-இல் ஹின்கே குழுவினர் அதை பூஜ்யம் முதல் மூன்று வரை தரம் பிரித்தார்கள். பூஜ்யம் என்றால் ஒடுக்கமே இல்லை, மூன்று என்றால் ஒடிந்தே விட்டது. நடுவில் உள்ள இரண்டாம் தரத்தைப் பார்த்தவுடன் போர்ட்டை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அந்தப் பட்டியலின் பயன். நடைமுறையில் அந்த எக்ஸ்ரேயை அந்தக் கண்ணோடு பார்க்கிறவர் குறைவு என்பது என் மனத்தாங்கல்.

வேறு காரணங்களும் உண்டு. டப்பாவும் குழாயும் சேரும் பூட்டு கழன்றுவிடலாம். அடைத்துக்கொண்ட போர்ட்டில் 2 மில்லி, 5 மில்லி சிரிஞ்சால் அழுத்தினால் உள்ளே அழுத்தம் எகிறும். சிரிஞ்சு சிறிதாகச் சிறிதாக அழுத்தம் கூடும், அதனால்தான் 10 மில்லிக்குக் குறைந்ததைப் போடக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அதிக அழுத்தம் தாங்காத போர்ட்டில் சிடி ஸ்கேனுக்கான சாய மருந்தை இயந்திரத்தால் வேகமாகச் செலுத்துவது இன்னொன்று. போர்ட்டை எடுக்கும்போது வராத குழாயைப் பிடித்து இழுத்து அறுத்துவிடுவதும் நடக்கிறது.

ஒடிந்த துண்டு ரத்தத்தோடு போகும். மேற்பெருஞ்சிரையிலிருந்து வலது மேலறை, அங்கிருந்து மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறை, அப்புறம் நுரையீரல் தமனி. இதுதான் பாதை. நீளமான துண்டு வழியிலேயே மாட்டிக்கொள்ளும், ஒரு முனை மேலறையிலும் மறு முனை கீழறையிலுமாக வால்வின் குறுக்கே கிடப்பதை அடிக்கடி பார்க்கிறோம். சின்னத் துண்டாக இருந்தால் நுரையீரல் தமனி வரை போய்விடும். இடது பக்க இதயத்துக்கோ மூளைக்கோ போய்விடுமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை இல்லாதவரை அது நடக்காது. நுரையீரல் அதை வடிகட்டிப் பிடித்துவிடும்.

சரி, எப்படி எடுக்கிறார்கள்? அம்மாவை மேசையில் படுக்கவைப்பார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது. வலது தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, தொடைச் சிரைக்குள் ஷீத் என்ற குட்டையான குழாயை வைப்பார்கள். இனி உள்ளே போவதும் வெளியே வருவதும் எல்லாம் அதன் வழியாகத்தான். ஆஞ்சியோகிராம் செய்யத் தமனியில் குத்துவார்கள், இங்கே குத்துவது சிரையில். அழுத்தம் குறைவு என்பதால் ரத்தக்கசிவு பயமும் குறைவு. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். ஷீத்தின் அளவை இங்கே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழாயை நடுவில் பிடித்துவிட்டால் அது இரண்டாக மடிந்து வரும். மடிந்த தடிமன் நுழையும் அளவுக்கு ஷீத் இருந்தால்தான் வசதி. அதனால் சாதாரண ஆஞ்சியோவுக்கு வைப்பதைவிடப் பெரியதாக எடுத்து வைப்போம்.

முக்கியமான கருவியின் பெயர் ஸ்னேர். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியில் செய்த சுருக்கு. ஊர்ப்பக்கம் பையன்கள் தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பார்களே, வேலை ஏறக்குறைய அதேதான். தலை நுழைந்ததும் இறுக்க வேண்டும். வாத்துக் கழுத்து ஸ்னேர் என்று பரவலாகப் பயன்படும் வகையில் வளையம் கம்பிக்குச் செங்குத்தாகத் திரும்பி நிற்கும். குழாய்க்குள் அடங்கிப் போய், வெளியே வந்ததும் தானாக விரிந்து வட்டமாகும். அதை உருவாக்கிய கர்ட் ஆம்ப்ளாட்ஸ் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த கதிரியக்க நிபுணர். வளையத்தின் விட்டம் சில மில்லிமீட்டரிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கிடைக்கும். மூன்று வளையங்கள் பூ மாதிரி விரியும் வகையும் உண்டு.

திரையில் பார்க்கும்போது இது வேடிக்கையாக இருக்கும். போர்ட் குழாயில் பேரியம் கலந்திருப்பார்கள், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகவே. நீங்கள் பார்த்த எக்ஸ்ரே படத்தில் அது வெள்ளைக் கோடு. எங்கள் திரையில் கறுப்புக் கோடாக, ஒவ்வொரு துடிப்புக்கும் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். வளையத்தை அதன் அருகே கொண்டுபோனதும், அட, மாட்டிவிட்டது என்று தோன்றும். இழுத்தால் வெறும் வளையம்தான் வரும். காரணம், படத்தில் ஆழம் தெரியாது. வளையம் குழாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் நேர்ப்பார்வையில் மாட்டின மாதிரியே தெரியும். அப்போதுதான் மருத்துவர் 'லேட்டரல்' என்பார், நான் கருவியைப் பக்கவாட்டில் திருப்புவேன். இரண்டு கோணத்திலும் குழாயின் முனை வளையத்துக்குள் இருந்தால்தான் உண்மையிலேயே உள்ளே இருக்கிறது. நேர்ப்பார்வை மட்டும் வைத்து நேரத்தைத் தொலைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இறுக்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சுருக்குக் கம்பியைத் தன் பக்கம் இழுத்து இறுக்கினால் வளையம் பின்னால் நகர்ந்து முனை நழுவிவிடும். அதனால் கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள வழிகாட்டிக் குழாயை முன்னால் தள்ளித்தான் வளையத்தை மூடுவார்கள். வளையம் மூடியதும் ஒடிந்த துண்டு ஸ்னேரோடு சேர்ந்து ஆட ஆரம்பிக்கும். மருத்துவர் லேசாக அசைத்தால் துண்டும் அசையும். அதைப் பார்த்ததும் அறையில் எல்லோருக்கும் மூச்சு வரும். அப்புறம் மெதுவாகக் கீழே, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக, இடுப்பு வரை இழுத்து வந்து ஷீத்துக்குள் ஏற்றுவார்கள். ஏறவில்லை என்றால் ஷீத்தையும் சேர்த்தே மொத்தமாக வெளியே எடுப்பார்கள். பத்து நிமிடம், கால் மணி நேரம் கையால் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். தொடையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தழும்புகூட மிஞ்சாது. முனை கிடைக்கிற சுலபமான கேஸ் என்றால் எல்லாம் சேர்த்து அரை மணி, ஒரு மணிக்குள் முடியும். மறுநாள் வீட்டுக்குப் போகலாம்.

முனை கிடைக்காதபோது? அங்கேதான் அனுபவம் பேசும். ஒரு முனை சிரையின் சுவரில் ஒட்டி, மறு முனை கீழறைக்குள் புதைந்து, நடுப்பகுதி மட்டும் மேலறையில் தொங்கிக்கொண்டிருக்கும். நடுப்பகுதியில் சுருக்குப் போட முடியாது, போட முனை வேண்டும். அப்போது பிக்டெய்ல் கதீட்டரை அனுப்புவார்கள். பன்றிவால் மாதிரி நுனி சுருண்ட குழாய், ஆஞ்சியோவில் தினமும் புழங்குவது. அந்தச் சுருளைத் துண்டின் நடுவில் கொக்கியாக மாட்டி, முறுக்கிக் கீழே இழுத்தால், புதைந்த முனை விடுபட்டு வெளியே வரும். உடனே ஸ்னேரால் பிடித்துக்கொள்ளலாம். சில சமயம் கழுத்துச் சிரை வழியாக இன்னொரு குழாயையும் இறக்கி, மேலிருந்து ஒருவர் கீழிருந்து ஒருவர் என்று வேலை நடக்கும். கூடை மாதிரி விரியும் கருவியும், பற்களுள்ள இடுக்கியும் உண்டு. இடுக்கி இதயச் சுவரையே கவ்விவிடக்கூடும் என்பதால் அதைக் கடைசியாகத்தான் கேட்பார்கள்.

கடையில் வாங்கும் ஸ்னேர் கையிருப்பில் இல்லாத நாளும் உண்டு. விலை அதிகம், அபூர்வமாகத்தான் தேவைப்படும், அதனால் எல்லா இடத்திலும் வாங்கி வைக்கமாட்டார்கள். அப்போது ஸ்டென்ட் வைக்கப் பயன்படும் முடி போன்ற கம்பியை, 0.014 அங்குலத் தடிமனுள்ளது, நடுவில் மடித்து ஒரு வழிகாட்டிக் குழாய்க்குள் விட்டு, நுனியில் வளையம் வருமாறு செய்துகொள்வார்கள். கேட்கத் தற்காலிக ஏற்பாடு மாதிரி இருந்தாலும் உலகம் முழுக்கச் செய்கிற, மருத்துவ இதழ்களில் எழுதப்பட்ட முறைதான். உங்கள் மருத்துவர் அப்படிச் சொன்னால் பயப்பட வேண்டாம்.

உங்கள் மாமாவுக்கு ஒரு தகவல். இது புதிதாக யாரோ பரிசோதித்துப் பார்க்கிற வேலை இல்லை. சிரை வழியாக இதயத்துக்குள் குழாய் விடலாம் என்று 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கையிலேயே ஏற்றிக் காட்டினார். பிற்பாடு 1956-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒடிந்த குழாய் இதயத்துக்குப் போய் உயிரிழந்த ஒரு நோயாளியைப் பற்றி 1954-இல் எழுதினார்கள். முழங்கைச் சிரையில் விட்ட பாலித்தீன் குழாய் வலது மேலறைக்குப் போய்விட்டது. பத்து வருடம் கழித்து, 1964-இல், தாமஸும் அவருடைய குழுவினரும் ஒடிந்த எஃகுக் கம்பித் துண்டு ஒன்றை அறுவை இல்லாமல் இதயத்திலிருந்து வெளியே எடுத்தார்கள். பயன்படுத்தியது மூச்சுக்குழாய்க்குள் விடுகிற இடுக்கி. இதயத்துக்கென்று அப்போது கருவியே இல்லை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். 1967-இல் மசூமியும் ராஸும் சுருக்கு முறையை விவரித்தார்கள். 1971-இல் சார்லஸ் டாட்டர் குழுவினர் இப்படி எடுத்த 29 கேஸ்களைத் திரட்டி வெளியிட்டார்கள். ஆக, போர்ட் என்ற சாதனமே 1982-இல்தான் மருத்துவ இதழில் வந்தது, ஒடிந்ததை எடுக்கும் வித்தை அதைவிட மூத்தது.

இனி சித்தியின் கேள்வி. ஒன்றும் செய்யவில்லையே, விட்டுவிட்டால் என்ன? இதை அலட்சியமான கேள்வி என்று ஒதுக்கமாட்டேன். 2009-இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு, சிரைக் குழாய் ஒடிந்து ரத்தத்தில் போன 215 நோயாளிகளைப் பார்த்தது. அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மருந்து ஏறவில்லை என்பது மட்டுமே பலருக்கு அறிகுறி. எனவே அம்மா நன்றாக நடமாடுவது ஆச்சரியம் இல்லை. துண்டு நல்ல இடத்தில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தமும் இல்லை. உள்ளே கிடக்கும் துண்டில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம், அது நுரையீரலுக்குப் போகலாம். கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்துக்கு அடங்காத காய்ச்சல் வரும். கீழறைச் சுவரை உரசி உரசித் துடிப்பைக் குலைக்கலாம். அரிதாகச் சுவரைத் துளைக்கவும் செய்யும். இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: நாளாக நாளாக அந்தத் துண்டின்மேல் உடம்பு சவ்வு போர்த்திச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். இன்றைக்கு ஆடிக்கொண்டிருக்கும் முனை அடுத்த வருடம் ஆடாது. தொந்தரவு வந்தபிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தால், எடுக்கச் சுலபமான நாட்கள் தாண்டிப்போயிருக்கும்.

அதே ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அறுவை இல்லாமலே துண்டை எடுத்திருந்தார்கள். இறந்தவர்கள் 1.8 சதவீதம். அறுபது, எழுபதுகளில் வந்த கட்டுரைகளை யாராவது இணையத்தில் தேடி எடுத்து உங்களுக்கு அனுப்பினால், அதிலுள்ள மரண எண்ணிக்கை திடுக்கிட வைக்கும். மோசமாக முடிந்த கேஸ்களைத்தான் அப்போது எழுதி அனுப்பினார்கள், குழாய்களும் இன்றையவை அல்ல. அந்த எண்ணை அம்மாவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. கம்பி கீழறைச் சுவரைத் தொட்டவுடன் தாறுமாறாக நாலைந்து துடிப்புகள் வரும், மானிட்டர் கத்தும். பின்வாங்கினால் பெரும்பாலும் உடனே சரியாகும். வால்வைத் தாங்கும் நூல் போன்ற நாண்களில் துண்டு சிக்கியிருக்கும்போது பலமாக இழுத்தால் வால்வு கிழியும். இழுக்கும்போது எதிர்ப்பு தெரிந்தால் நிறுத்துகிறவர்தான் நல்ல கைக்காரர். துண்டில் பெரிய ரத்தக்கட்டி இருந்தால் இழுக்கும்போது அது பிய்ந்து நுரையீரலுக்குப் போகும். சுவர் துளைபட்டு இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவது மிக அரிது, ஆனால் நடந்தால் நிமிடங்களில் கவனிக்க வேண்டியது. துண்டு பல வருடப் பழசு, முழுக்க ஒட்டிவிட்டது, நோயாளியும் மிகவும் தளர்ந்திருக்கிறார் என்றால், எடுக்காமல் கண்காணிப்பதே நல்லது என்று மருத்துவர்கள் முடிவு செய்வதுண்டு. நீங்கள் சொன்னதைப் பார்த்தால் அம்மாவின் துண்டு ஒடிந்து அதிக நாள் ஆகியிருக்காது. போன மாதம் வரை சலைன் ஏறியதா என்று மருந்துச் சீட்டுகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், மருத்துவரும் அதைக் கேட்பார்.

மதுரையா, சென்னையா என்று கேட்டிருந்தீர்கள். ஊர் பெரிதில்லை. கேத் லேப் இருக்க வேண்டும், அதே கட்டடத்தில் இதய அறுவை சிகிச்சைக் குழுவும் இருந்தால் நிம்மதி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்த வசதி வந்துவிட்டது, தனியாரில்தான் முடியும் என்று நகையை அடகு வைக்கக் கிளம்பாதீர்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியதில் முதலாவது, முனை எங்கே, ஏதாவது ஒன்று சும்மா இருக்கிறதா என்பது. எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) எடுத்துப் பார்த்தார்களா, துண்டில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்பது அடுத்தது. இதற்கு முன் இப்படி எடுத்திருக்கிறாரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். அனுபவமுள்ளவர் கோபித்துக்கொள்ளமாட்டார், போன கேஸின் படத்தையே காட்டினாலும் காட்டுவார். ரத்தம் உறையாமலிருக்க அம்மா மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா, சர்க்கரை, சிறுநீரகம் எப்படி, பிளேட்லெட் எவ்வளவு என்பதையெல்லாம் அவர்களே கேட்பார்கள், பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள். நள்ளிரவில் வண்டி பிடித்து ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது, பொங்கல் முடியட்டும், நாள் பார்க்கட்டும் என்று தள்ளவும் கூடாது.

துண்டு வெளியே வந்ததும் அதைத் தட்டில் வைத்து அளப்பார்கள், அளக்கச் சொல்லியே கேளுங்கள். போர்ட் டப்பாவோடு ஒட்டியிருக்கும் மிச்சக் குழாயையும் இதையும் சேர்த்தால் வைத்தபோது வெட்டிய நீளம் வர வேண்டும். வரவில்லை என்றால் இன்னொரு துண்டு எங்கோ இருக்கிறது. முனை எப்படி அறுந்திருக்கிறது என்பதும் கதை சொல்லும். இடுக்கில் நசுங்கி ஒடிந்ததென்றால் விளிம்பு தட்டையாகத் தேய்ந்து இருக்கும். டப்பாவை அன்றைக்கே மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடுவார்களா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், தனியாக இன்னொரு நாள் வர வேண்டாமே. பிற்காலத்தில் மறுபடி போர்ட் தேவைப்பட்டால், அல்ட்ராசவுண்டில் பார்த்துக் கழுத்துச் சிரை வழியாக வைக்கச் சொல்லுங்கள். குழாய் அந்த எலும்பு இடுக்குக்கே போகாது.

கடைசியாக, அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது. சொல்லிவிடுங்கள். மேசையில் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கப் போகிறார். தலைக்குப் பக்கத்திலேயே திரை, சுற்றிலும் எங்கள் பேச்சு, எதையும் அவரிடமிருந்து மறைக்க முடியாது. கம்பி உள்ளே போகும்போது நெஞ்சில் இரண்டு மூன்று தடவை குதித்த மாதிரி இருக்கும், அது இயல்பு என்று முன்னமே தெரிந்திருந்தால் பதறிக் காலை மடக்கமாட்டார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப் போகிறவரும் அவர்தான். கீமோவையே தாண்டி வந்தவர், நீங்கள் நினைப்பதைவிட நிதானமாகக் கேட்டுக்கொள்வார். முந்தின நாள் இரவு லேசான சாப்பாடு, காலையில் வெறும் வயிறு, கண்ணாடி வளையலையும் தாலிச் சங்கிலியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சங்கிலியைக் கழற்ற மனம் வரவில்லை என்றால் சொல்லுங்கள், நெஞ்சுப் படத்தின் குறுக்கே வராமல் ஒதுக்கி பிளாஸ்திரி ஒட்டிவிடலாம், எங்களுக்கு அது பழக்கம்தான்.